வீடா, சானடோரியமா?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயில் பாதையில் சேத்துப்பட்டு என்றொரு நிலையம் வரும். அதே பாதையில் தெற்கே வெகுதூரம் போனால் ‘தாம்பரம் சானடோரியம்’ வரும். தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இரண்டும் ஊர்ப்பெயர்கள்தாம். காசநோய் மருத்துவத்தின் வரலாற்றில் அவை இரண்டு காலங்களின் பெயர்கள். தாம்பரத்துச் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. காட்டோரம் நல்ல காற்று, நாள் முழுக்க ஓய்வு, பால், முட்டை, கட்டுப்பாடான வாழ்க்கை: இவைதாம் டி.பி.யைக் குணப்படுத்தும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எடைபோட்டுப் பார்த்த இடம் சேத்துப்பட்டு.

சௌரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்திவந்தார். அவரிடம் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தவர்களில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். காசநோய் என்று சொல்லித்தான் அவருக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவருக்கு இருந்தது வேறு நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எப்படியிருந்தாலும், நாடு திரும்பிய ராமானுஜன் 1920 ஏப்ரல் 26ஆம் தேதி இறந்தது இதே சேத்துப்பட்டில் ஒரு வீட்டில். அன்றைய வைத்தியத்திடம் காற்றும் ஓய்வும் உணவும் தவிரக் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. அவை பலன் தருகின்றனவா, எவ்வளவு தருகின்றன என்பதை அளந்து சொல்லும் முறையும் மருத்துவர்களின் கையில் இல்லை.

முப்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்துப் பி.ஏ.எஸ். வந்தது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. விலை குறைவு, விழுங்கக்கூடிய மாத்திரை, கிருமியைக் கொல்லும் வீரியம் என்று மூன்றும் ஒருசேர அமைந்த மருந்து அது. அதோடு ஒரு புதுக் கேள்வியும் வந்தது. கிருமியைக் கொல்வது மருந்துதான் என்றால், நோயாளி ஏன் சானடோரியத்தில் ஒரு வருஷம் படுத்துக் கிடக்க வேண்டும்?

ஐரோப்பாவில் இது சும்மா கேட்டுப் பார்க்கிற கேள்வியாக இருந்திருக்கலாம். இந்தியாவில் அது லட்சக்கணக்கானவர்களின் உயிர்ப் பிரச்சினை. நோயாளிகள் அத்தனை பேர். மருத்துவமனைப் படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடக் காணாது. படுக்கை கிடைத்தால்தான் சிகிச்சை என்று சட்டம் வைத்தால், பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே இல்லை என்று பொருள். ஆனால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று துணிந்து சொல்ல மருத்துவர்கள் தயங்கினார்கள். அவர்களுடைய தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. குடிசையில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுக்கும் இடத்தில் நோயாளிக்கு ஓய்வு ஏது? அரைவயிற்றுக் கஞ்சியோடு மருந்து வேலை செய்யுமா? ஒரு வருஷம் தினமும் தவறாமல் மாத்திரை விழுங்குவார்களா? எல்லாவற்றையும்விட, பக்கத்தில் படுக்கிற பிள்ளைக்கு நோய் தொற்றிக்கொண்டால் யார் பொறுப்பு?

இதற்கு விடை தேட 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி. முதல் இயக்குநராக வந்த வாலஸ் ஃபாக்ஸுக்கு அப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. ஐந்து வருஷத்துக்கென்று திட்டமிட்ட மையம் இன்றுவரை இருக்கிறது.

விடை தேடுவது என்றால் என்ன செய்வது? எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. சானடோரியத்தின் பழைய பதிவேடுகளை எடுத்து எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணுவது, வீட்டில் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணுவது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இந்தக் கணக்கு சுத்தமாகத் தப்பு. சானடோரியத்தில் இடம் கிடைத்தவர் யார்? சிபாரிசு உள்ளவர், ஒரு வருஷம் வேலைக்குப் போகாவிட்டாலும் குடும்பம் ஓடக்கூடியவர், அல்லது நோய் முற்றிப்போய் வேறு வழியில்லாதவர். வீட்டில் இருந்தவர்கள் வேறு வகை மனிதர்கள். ஒப்பிட்டால் தெரிவது வைத்தியத்தின் வித்தியாசமா, ஆட்களின் வித்தியாசமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தியல் மாணவர்கள் முதல் வருஷத்திலேயே படிக்கிற இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. சேத்துப்பட்டுச் சோதனையை விளங்கிக்கொள்ள அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கதை ஒரு தூக்க மருந்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரின் மனநல விடுதியில் நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் பத்து நோயாளிகள் ஒவ்வொரு மருந்திலும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற பட்டியல் இருந்தது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டவர் மருத்துவர் அல்ல. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஆலை தன் ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை விரும்பாததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். பார்லி, மால்ட் சோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை ஐந்தாறு அளவீடுகள்தாம். அவ்வளவு சொற்ப எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதே அவருடைய கவலை.

தூக்கக் கணக்கு அதற்கு வாகாக அமைந்தது. முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதல் தூக்கம், இரண்டாவதில் 2.33 மணி நேரம். வித்தியாசம் 1.58. அதைவிட முக்கியம், இரண்டு மருந்தையும் சாப்பிட்டவர்கள் அதே பத்துப் பேர். ஒருவரின் ஒரு ராத்திரியை அதே ஆளின் இன்னொரு ராத்திரியோடுதான் ஒப்பிடுகிறோம். அப்படிப் பார்த்தால் ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்தில் தூக்கம் கூடியது. ஒருவருக்கு மட்டும் வித்தியாசமே இல்லை. இயல்பிலேயே குறட்டை விட்டுத் தூங்குகிறவரையும் கண் மூடாதவரையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்புகிற தொல்லை இதில் இல்லை. இன்றைக்கு உலகமெங்கும் மாணவர்கள் போடுகிற ‘டி’ சோதனை இந்தப் பத்துப் பேரின் தூக்கத்தை வைத்துத்தான் முதலில் விளக்கப்பட்டது. கோசெட் தம் கட்டுரையில் மருந்துகளின் பெயரைத் தவறாகக் குறித்துவிட்டார். அந்தத் தவறு அடுத்து வந்தவர்களின் நூல்களிலும் தொடர்ந்தது.

இதே காலத்தில் மருந்தியல் ஆய்வுக்கூடங்களும் வேறொரு பக்கம் திண்டாடின. டிஜிடாலிஸ் போன்ற இலை மருந்துகளின் வீரியத்தைத் தராசில் நிறுக்க முடியாது; தவளைக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அளந்தார்கள். தவளையைக் கொல்லும் குறைந்தபட்ச அளவு எது என்று கேட்டார்கள். 1927இல் ஜே. டபிள்யூ. டிரேவன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர் அந்தக் கேள்வியே பிசகு என்று காட்டினார். ஒவ்வொரு தவளையும் ஒவ்வொரு அளவில் சாகிறது. ஆகவே அப்படி ஒரு ‘குறைந்தபட்ச அளவு’ கிடையாது. கூட்டத்தில் பாதி சாகிற அளவைத்தான் நம்பகமாகக் கணிக்க முடியும். உயிர்களுக்கிடையே உள்ள வேறுபாடு சோதனையில் நேர்ந்த பிழை அல்ல, இயற்கையின் சுபாவம் என்பதை மருந்தியல் ஏற்றுக்கொண்டது இங்கேதான்.

வேறுபாடு இருக்கத்தான் செய்யும் என்றால் அது ஒரு பக்கமாகச் சாயாமல் பார்ப்பது எப்படி? இதற்கு வழி சொன்னவர் ரொனால்டு ஃபிஷர். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கச் சொன்னார். மண்ணின் வளம் எங்கே எப்படி மாறுகிறது என்பது முழுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குலுக்கல் எந்தப் பக்கத்துக்கும் சலுகை காட்டாது. அதோடு, தற்செயலாக எவ்வளவு வித்தியாசம் வரக்கூடும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்ல அது இடம் கொடுக்கிறது. 1935இல் வந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூல் இதை விரிவாகப் பேசியது.

பாத்திகளைக் குலுக்கலாம். மனிதர்களை?

அதையும் ஒரு காசநோய்ச் சோதனை செய்து பார்த்தது. சானோகிரைசின் என்ற தங்க உப்பு மருந்து 1920களில் டென்மார்க்கிலிருந்து பரவி, காசநோயைத் தீர்க்கும் என்று பெயர் வாங்கியிருந்தது. டெட்ராய்ட் அருகே ஒரு சானடோரியத்தில் ஆம்பர்சனும் கூட்டாளிகளும் 24 நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக, முடிந்தவரை ஒரே மாதிரி அமையும்படி பிரித்தார்கள். எந்தக் குழுவுக்கு மருந்து என்பதைக் காசைச் சுண்டித் தீர்மானித்தார்கள். மற்றக் குழுவுக்கு வெறும் தண்ணீர் ஊசி. நோயாளிகளுக்கு எது என்று தெரியாது. 1931இல் வெளியான முடிவு: மருந்தால் நன்மை இல்லை, கெடுதல் நிறைய. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களின் உடம்பில் ஏறியிருந்த மருந்தின் பொய்யை இருபத்து நான்கு பேர் கொண்ட நேர்மையான ஒப்பீடு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின். போர் முடிந்த பிரிட்டனில் டாலர் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து கொஞ்ச மருந்துதான் வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அந்த நிலையில் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் ஒரு யோசனை சொன்னார். ஹில்லுக்கு இந்த நோயைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் விமானியாக இருந்தபோது காசநோய் கண்டு, வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து, மருத்துவம் படிக்கும் ஆசையைக் கைவிட்டவர் அவர். எப்படியும் பலருக்கு மருந்து கிடைக்கப்போவதில்லை. அப்படியானால் யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிட்டால், மருந்து உண்மையில் என்ன செய்கிறது என்பதாவது தெளிவாகத் தெரியும் என்பது அவர் வாதம்.

1947இல் தொடங்கிய அந்தச் சோதனையில் 107 பேர். இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்டு வேகமாகப் பரவும் நோய் கொண்ட இளம் வயதினர். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்கூட்டியே தயாரித்த பட்டியல், ஒவ்வொருவருக்கும் ஓர் ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சோதனையில் சேர்ப்பது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தால், தேறக்கூடியவர் என்று தோன்றுகிறவரை மருந்துப் பக்கம் தள்ளிவிடக் கூடும். கெட்ட எண்ணத்தினால் அல்ல, இரக்கத்தினாலேயே அது நடக்கும். அந்த வாசலை உறை அடைத்தது. எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கும் எந்தப் படம் எந்தக் குழுவினுடையது என்று சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். தற்செயலாக இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் பெருமை வெற்றியை அறிவித்ததில் மட்டும் இல்லை. சோதித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலானோரின் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டதையும் அது ஒளிக்காமல் சொன்னது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது மருந்துக் குழுவில் 32 பேரும் மற்றக் குழுவில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஆறு மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் இது தெரிந்திருக்காது. ஒரு மருந்து போதாது, இரண்டு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமிகளிலிருந்து பிறந்தது. பி.ஏ.எஸ். சேர்ந்ததும் அப்படித்தான்.

இத்தனை அனுபவமும் 1956இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. லண்டனில் தட்டுப்பாடு மருந்துக்கு. சென்னையில் தட்டுப்பாடு படுக்கைக்கு. இரண்டு இடத்திலும் எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலைமைதான் நியாயமான ஒப்பீட்டுக்கு வழி திறந்தது. ஆனால் சென்னைக் கேள்வி லண்டனுடையதைவிடக் கடினமானது என்றே சொல்ல வேண்டும். அங்கே மருந்தையும் மருந்தின்மையையும் ஒப்பிட்டார்கள். இங்கே இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், பன்னிரண்டு மாதம். மாறியது இருப்பிடம் மட்டுமே. மாத்திரைக்குச் செய்கிற சோதனையை ஒரு முழு வாழ்க்கைச் சூழலுக்குச் செய்தார்கள். இது அதற்கு முன் யாரும் இவ்வளவு கண்டிப்பாகச் செய்யாதது.

சோதனையில் சேர்ந்தவர்கள் சென்னை நகரத்தின் ஏழைகளிலும் ஏழைகள். சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. சானடோரியம் போனவர்களுக்கு ஓய்வும் செவிலியர் கவனிப்பும் சத்தான சாப்பாடும் கிடைத்தன. மருந்தைக் கண்ணெதிரே விழுங்க வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். பி.ஏ.எஸ். லேசான மருந்தல்ல. கிராம் கணக்கில் தினமும் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், பேதியாகும். தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள், பி.ஏ.எஸ். உடம்புக்குள் போயிருந்தால் அதில் நிறம் மாறும். நோயாளி சொல்வதையும் அவர் உடம்பு சொல்வதையும் தனித்தனியே குறித்துக்கொண்டார்கள்.

மையத்தின் கட்டுரைகளில் ஆசிரியர்களாக வாலஸ் ஃபாக்ஸுடன் தேவதத்தா, வேலு, சி. வி. ராமகிருஷ்ணன், புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா போன்ற பெயர்களைப் பார்க்கலாம். கட்டுரையில் பெயர் வராத வீட்டுப் பார்வையாளர்களும் செவிலியர்களும் இல்லாமல் இந்தச் சோதனை நடந்திருக்காது. சந்து சந்தாக நடந்து ஒரு நோயாளியையும் கைநழுவ விடாமல் பின்தொடர்ந்தவர்கள் அவர்கள். கணக்குப் போடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பாதி நோயாளிகள் முகவரி தெரியாமல் போய்விட்டால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் எப்படிப் படிப்பது என்பதில்தான் புள்ளியியலின் அருமை இருக்கிறது. ஆறு சதவீதம் சானடோரியம் மேல் என்று படிப்பது அவசரம். வித்தியாசமே இல்லை என்று படிப்பதும் அவசரம். முதன்மை ஒப்பீட்டில் ஒரு குழுவுக்கு ஏறத்தாழ எண்பது பேர். அந்த எண்ணிக்கையில் இந்த ஆறு சதவீத வித்தியாசத்தின் திட்டப்பிழை கிட்டத்தட்ட ஐந்து. அதாவது உண்மையான வித்தியாசம், வீடு மூன்று நான்கு சதவீதம் மேலாக இருப்பது முதல் சானடோரியம் பதினைந்து சதவீதம் மேலாக இருப்பது வரை எதுவாகவும் இருக்கலாம். பூஜ்யம் அந்த எல்லைக்குள் இருக்கிறது, பத்தும் இருக்கிறது. ‘வித்தியாசம் நிரூபணமாகவில்லை’ என்பதை ‘வித்தியாசம் இல்லை’ என்று மாற்றிப் படிக்கும் பழக்கம் இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில்கூட நிறைய உண்டு.

ஆனால் சென்னையில் ஒரு வருஷத்தோடு நிறுத்தவில்லை. ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 1966இல் வெளியான கணக்குப்படி, ஐந்தாண்டு முடிவில் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்கள் வீட்டுக் குழுவில் 90 சதவீதம், சானடோரியக் குழுவில் 89 சதவீதம். முதல் வருஷத்தில் தெரிந்த இடைவெளி மறைந்துவிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடையில் வெகுவாகக் கூடியிருந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. கிருமியோ எடையைப் பார்க்கவில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போன உடம்பில் அது அடங்கியது.

மிச்சமிருந்தது பக்கத்தில் படுக்கிற பிள்ளையைப் பற்றிய கேள்வி. குடும்பத்தினரையும் ஐந்து வருஷம் எக்ஸ்ரே எடுத்து, பரிசோதித்து வந்தார்கள். வீட்டிலேயே வைத்தியம் பெற்ற நோயாளிகளின் குடும்பங்களில் நோய் கண்டவர்களின் விகிதம், சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களைவிடக் கூடவில்லை. தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் நோயாளியைப் பிரித்து வைப்பதால் பெரிய லாபம் இல்லை. தாயைப் பிள்ளையிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் ஒரு வருஷம் பிரித்து வைத்த வழக்கத்துக்கு இருந்த கடைசிக் காரணமும் இதோடு போயிற்று. இந்தியாவில் 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதிலும், வேறு மருத்துவமனைகளாக மாறியதிலும் சேத்துப்பட்டின் எண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மையம் அடுத்தடுத்து எழுப்பிய கேள்விகள் மருந்தியல் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானவை. விலை மலிவு என்பதால் ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுத்தால் போதுமா என்று இரண்டாவது சோதனை கேட்டது. போதாது, பி.ஏ.எஸ். சேர்ந்ததற்கு ஈடாகவில்லை. ஆனால் அதிலேயே ஒரு நுட்பமான ஏற்பாடு இருந்தது. ஒரு நாளைக்கு உரிய அதே அளவு ஐசோனியசிட்டை ஒரு குழுவுக்கு ஒரே வேளையாகவும், இன்னொரு குழுவுக்கு இரண்டு வேளையாகப் பிரித்தும் கொடுத்தார்கள். ஒரே வேளையில் கொடுத்தது மேலாக அமைந்தது. இரத்தத்தில் மருந்து நாள் முழுக்கச் சீராக நிற்பதைவிட, ஒரு முறை உச்சத்துக்கு ஏறுவது முக்கியம் என்பதை இந்த ஒரு மாற்றம் காட்டிக்கொடுத்தது. மற்றவை எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் காரணத்தை இப்படிச் சுட்ட முடிந்தது. ஐசோனியசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடம்பும் வேகமாகச் சிதைக்கும் உடம்பும் வேறுவேறாக நடந்துகொள்வதையும், மெதுவாகச் சிதைப்பவர்களுக்குக் கைகால் மதமதப்பு அதிகம் வருவதையும் சேத்துப்பட்டு ஆய்வுகள் பதிவு செய்தன.

1964இல் இன்னொன்று. தினமும் வீட்டில் மருந்து சாப்பிடுவதற்குப் பதிலாக, வாரத்துக்கு இரண்டு முறை மையத்துக்கு வந்து, ஊழியர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியசிட்டும் எடுத்துக்கொள்ளும் முறை. அது தினசரி முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ‘நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை’யின் வேர்களில் ஒன்று இது.

விரும்பிய விடை மட்டுமே வந்துகொண்டிருந்ததாக நினைக்க வேண்டாம். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு பகுதியினருக்கு முழு அளவு, ஒரு பகுதியினருக்குக் குறைந்த அளவு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தடுப்பூசி காப்பாற்றும் என்று நம்பித்தான் அரசும் மருத்துவ உலகமும் காத்திருந்தன. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற விடை வந்தது. 15 வருஷப் பின்தொடர்தலும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பச்சிளம் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது. ஆனால் நோயையே அதைக் கொண்டு ஒழித்துவிடலாம் என்ற எண்ணம் செங்கல்பட்டோடு கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை மறைக்காமல் வெளியிட்டதை அந்தச் சோதனையை நடத்தியவர்களின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

சேத்துப்பட்டு மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறியது. பழைய கேள்வி ஒன்று அண்மையில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. சத்தான சாப்பாடு இல்லாமலே மருந்து நோயைக் குணப்படுத்துகிறது என்ற 1950களின் முடிவைச் சிலர், சாப்பாடு காசநோய்க்கு முக்கியமில்லை என்று நீட்டிப் படித்துவிட்டார்கள். சோதனை அதைச் சொல்லவில்லை. அது கேட்டது நோயாளியின் சளியில் கிருமி அடங்குமா என்பதை மட்டும். பசித்த வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நோய் வராமல் உணவு தடுக்குமா என்று யாரும் அப்போது குலுக்கிப் போட்டுப் பார்க்கவில்லை.

ஜார்க்கண்டில் அதைப் பார்த்தார்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று, சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்களிப்போடு நடத்திய சோதனையில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர். இங்கே தனி மனிதர்களைக் குலுக்கவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்து அடுத்த வீட்டுக்கு இல்லை என்பது நடக்காத காரியம். ஆகவே நான்கு மாவட்டங்களின் 28 காசநோய்ப் பிரிவுகளை மொத்தம் மொத்தமாகக் குலுக்கினார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருட்கள் கிடைத்தன; குடும்பத்தினருக்கும் சேர்த்துக் கிடைத்தது பாதிப் பிரிவுகளில் மட்டும். 2023இல் முடிவு வெளியானது. குடும்பத்தினருக்கும் உணவு கொடுத்த இடங்களில் அவர்களிடையே புதிதாகக் காசநோய் கண்டவர்கள் 39 சதவீதம் குறைவு. நோயாளிகளில் சிகிச்சையின் தொடக்க மாதங்களிலேயே எடை கூடியவர்களிடையே மரணமும் குறைவாக இருந்தது. 2024 நவம்பரிலிருந்து மத்திய அரசு காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் கொடுக்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.